டீசல் லோரியும் எண்ணெய் அழுத்தமும்: ஒரு சொட்டின் வரலாறு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு லோரி புதிய பொருளன்று. விடியுமுன்னே ஆட்களை வெளிக்காட்டுக்கு ஏற்றிச் சென்றது லோரி. ரப்பர் பாலை ஆலைக்குக் கொண்டு சேர்த்ததும், செம்பனைக் குலைகளை அள்ளிக்கொண்டு போனதும் லோரிதான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும், குடும்பங்களைத் திருவிழாவுக்கும் அழைத்துச் சென்ற லோரிகளும் உண்டு. மாட்டு வண்டி இழுத்த பாரத்தைப் பிற்காலத்தில் லோரி ஏற்றுக்கொண்டது. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் பலர் லோரி ஓட்டுநர்களாகவும் மெக்கானிக்குகளாகவும் ஆனார்கள். பல குடும்பங்களுக்குத் தோட்டத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கையைத் திறந்துவிட்டது அந்த ஓட்டுநர் உரிமம்.

அப்படிப்பட்ட லோரி இரவெல்லாம் நின்ற இடத்தில் காலையில் ஒரு கறுப்புச் சொட்டு கிடக்கும். "பழைய லோரி என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லிக் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுவோம். இன்றைய உரையில் நாம் பேசப்போவது அந்தச் சொட்டைப் பற்றித்தான். எஞ்சினுக்குள் எண்ணெய்க்கு எவ்வளவு பெரிய அழுத்தம் இருக்கிறது என்பதை அறிஞர் உலகம் உணர்ந்ததே ஒரு கசிவினால்தான். அந்தக் கசிவைத் துடைத்துவிட்டுப் போகாமல், ஏன் என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விதான் இன்றும் ஓர் எஞ்சினைக் காப்பாற்றுகிறது. வரலாற்றையும் வேலையையும் சேர்த்தே பார்ப்போம்.

மரத்தக்கை சொன்ன உண்மை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இரயில் வண்டிகள் பெருகின. வண்டியின் அச்சு சுழலும் இடத்தில் பேரிங் என்னும் உலோகத் தாங்கி இருக்கும். அந்த இடம் உராய்ந்து சூடேறுவது பெரிய தொல்லையாக இருந்தது. எண்ணெய் விட்டால் உராய்வு குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஏன் குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்பது ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. இயந்திரப் பொறியாளர் கழகம் இந்த ஆராய்ச்சியைப் போஷம் டவர் என்னும் பொறியாளரிடம் ஒப்படைத்தது. அவர் தம் முடிவுகளை 1883-இல் வெளியிட்டார்.

டவர் ஓர் அச்சைச் சுழலவிட்டு, அதன் அடிப்பகுதி எண்ணெயில் நனையும்படி வைத்தார். மேலே இருந்த பேரிங்கின் உச்சியில், எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். என்ன நடந்தது தெரியுமா? எண்ணெயை உள்ளே விட வேண்டிய அந்தத் துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கி வந்தது! தக்கை கொண்டு அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மரத்துண்டைச் செதுக்கி இறுக்கி அடைத்தார். அதையும் எண்ணெய் மெல்ல வெளியே தள்ளிவிட்டது.

வேறொருவராக இருந்தால் சலித்துக்கொண்டு இன்னும் பெரிய ஆப்பாக அடித்திருப்பார். டவர் அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியைத் திருகிப் பார்த்தார். முள் ஒரு சதுர அங்குலத்துக்கு 200 இராத்தலையும் தாண்டி நின்றது. பேரிங்கின் மேல் அவர் வைத்திருந்த பாரமோ, சராசரியாகக் கணக்கிட்டால், சதுர அங்குலத்துக்கு 100 இராத்தல்தான். இதிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. அச்சு சுழலும்போது எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, தனக்கும் பேரிங்குக்கும் இடையில் ஆப்புப் போலச் செருகுகிறது. அந்த எண்ணெய்ப் படலம் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. ஆனாலும் முழுப் பாரத்தையும் அதுவே தாங்கி நிற்கிறது. இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. எண்ணெயின் மேல் மிதக்கிறது. இதற்கான கணக்கை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர் 1886-இல் வகுத்துத் தந்தார்.

அழுத்தத்தை அளக்கும் கருவி அதற்கு முன்பே வந்துவிட்டது. பாரிஸ் நகரத்து யூஜீன் பூர்தோன் 1849-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தட்டையான குழாயை வளைத்து வைத்தால், உள்ளே அழுத்தம் ஏற ஏற அது நிமிரப் பார்க்கும். அந்த நிமிர்வுதான் முள்ளை நகர்த்துகிறது. காற்றடித்ததும் சுருண்ட பலூன் நீளுவதைத் திருவிழாக் கடையில் பார்த்திருக்கிறோம். ஏறக்குறைய அதே தத்துவம்தான்.

எண்ணெயைத் தேடித் தேடி ஊற்றுவதற்குப் பதிலாக, பம்ப் வைத்து பேரிங்குகளுக்குத் தள்ளும் முறைக்கு 1890-இல் ஆல்பர்ட் சார்லஸ் பெய்ன் காப்புரிமை பெற்றார். அவர் பர்மிங்ஹாமில் நீராவி எஞ்சின் செய்யும் பெல்லிஸ் நிறுவனத்தில் வேலை செய்தவர். வேகமாகச் சுழலும் எஞ்சின்கள் நீண்ட காலம் உழைக்க இம்முறை வழி செய்தது. நம் லோரியில் இருப்பதும் அதன் வழிவந்த ஏற்பாடுதான்.

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

நாம் நாள்தோறும் உச்சரிக்கும் டீசல் என்ற சொல் ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் 1858-இல் பாரிஸில், ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அக்காலத்து நீராவி எஞ்சின்கள் எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்கின. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, மிகவும் நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எரிபொருளைச் செலுத்தினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும் என்று டீசல் கருதினார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் அடிப்பகுதியில் சூடாவதைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அதைப் பல மடங்கு பெருக்கிப் பார்த்தால் டீசலின் எண்ணம் விளங்கும்.

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1893 ஆகஸ்ட் மாதம் முதல் சோதனை நடந்தது. உள்ளே எழுந்த அழுத்தத்தைத் தாங்காமல் அளவிடும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் தளரவில்லை. 1897 பிப்ரவரியில் நடந்த சோதனையில், எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 26 விழுக்காட்டை அந்த எஞ்சின் வேலையாக மாற்றியது. நீராவி எஞ்சின்களால் எட்ட முடியாத அளவு அது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. செம்பனை எண்ணெயிலிருந்து எரிபொருள் செய்யும் ஆராய்ச்சி 1980-களில் மலேசியாவில் நடந்தபோது, அது அந்தப் பழைய எண்ணத்தின் தொடர்ச்சியாகவே அமைந்தது.

டீசல் தம் எஞ்சின் லோரிகளில் பரவுவதைக் காண இருக்கவில்லை. 1913 செப்டம்பர் 29-ஆம் நாள் இரவு, இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலிலிருந்து அவர் காணாமற்போனார். பின்னர் கடலில் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவருடைய முதல் எஞ்சின் ஆள் உயரத்தையும் மிஞ்சிய பெரிய பொறி. அதைச் சிறிதாக்கி லோரியில் ஏற்றப் பல ஆண்டுகள் பிடித்தன. 1923-இலும் 1924-இலும் ஜெர்மனியில் பென்ஸ், மான் ஆகிய நிறுவனங்கள் டீசல் லோரிகளைக் கொண்டுவந்தன. 1927-இல் பாஷ் நிறுவனம் எரிபொருளை அளந்து செலுத்தும் பம்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியதும் டீசல் லோரிக்குச் சாலை திறந்தது. இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் 1932-இல் தொடங்கிய பெர்க்கின்ஸ் நிறுவனத்தின் எஞ்சின்கள், பிற்காலத்தில் மாஸி பெர்குசன் டிராக்டர்களில் பொருத்தப்பட்டு நம் தோட்டங்கள் வரை வந்தன.

எண்ணெய்க்கு ஏன் வடிகட்டி?

முதலில் வந்த மோட்டார் வண்டிகளில் பலவற்றுக்கு எண்ணெய் பம்பும் இல்லை, அழுத்தமானியும் இல்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகளாகச் செய்யப்பட்ட போர்டு நிறுவனத்தின் டி மாடல் காரில், சுழலும் பாகங்கள் எண்ணெயை வாரி இறைக்கும். அந்தத் தெறிப்பே போதும் என்று விட்டிருந்தார்கள். மெதுவாக ஓடிய, பாரம் குறைந்த எஞ்சினுக்கு அது போதியதாக இருந்தது.

எஞ்சின்கள் வேகமும் பலமும் பெற்றதும் அந்த முறை போதவில்லை. பம்ப் வைத்து எண்ணெயைத் தள்ளியபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. எண்ணெயோடு தூசியும், உலோகத் துகளும், கரியும் சேர்ந்தே பேரிங்குகளுக்குப் போயின. ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றுமுன் சல்லடையில் வடிகட்டுவதை நாம் அறிவோம். பட்டையும் இலையும் சேர்ந்துவிட்டால் பாலின் தரம் கெட்டுவிடும். அதே கவலைதான் எஞ்சின் செய்தவர்களுக்கும் வந்தது. 1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் சுவீட்லாண்டு, ஜார்ஜ் கிரீன்ஹால் ஆகிய இருவரும் மோட்டார் வண்டிக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினார்கள். நாம் பில்டர் என்று சொல்வது அதைத்தான். அடுத்த ஆண்டில் வெளிவந்த கிரைஸ்லர் கார், பம்ப் அழுத்தத்தையும் பில்டரையும் சேர்த்தே கொண்டிருந்தது.

முதலில் வந்த பில்டர்கள் எண்ணெயில் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டின. பின்னர்தான் பேரிங்குக்குப் போகும் எண்ணெய் முழுவதும் பில்டர் வழியாகவே போகும் முறை பரவியது. அதிலும் ஒரு சிறு வால்வு உண்டு. பில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சின் எண்ணெயில்லாமல் செத்துவிடக் கூடாது என்பதற்காக, அந்த வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெயையே உள்ளே விட்டுவிடும். இதை நாம் மறக்கக் கூடாது. பில்டரை மாற்றாமலே ஓட்டுகிறவர், "முள் சரியாகத்தானே நிற்கிறது" என்பார். முள் சரியாக நிற்கலாம்; ஆனால் பேரிங் அழுக்கைத் தின்றுகொண்டிருக்கும். 1950-களில், கையால் திருகிப் பொருத்தி, பயன் முடிந்ததும் முழுவதுமாக எறிந்துவிடும் டப்பா பில்டர் வந்தது.

டீசல் எஞ்சினின் கரி தனித் தொல்லை. 1930-களில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் டீசல் டிராக்டர்களில் கரியும் பிசினும் சேர்ந்து பிஸ்டன் வளையங்களை ஒட்டவைத்தன. அதற்கு மருந்தாக 1935-இல், அழுக்கைக் கழுவித் தன்னுள் ஏந்திக்கொள்ளும் மருந்துப் பொருள் சேர்த்த எண்ணெய் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. டீசல் எஞ்சினில் புது எண்ணெய் ஊற்றிச் சில நாளிலேயே கறுத்துவிடுகிறதே என்று பலர் கவலைப்படுகிறார்கள். கறுப்பு மட்டும் குற்றமன்று. கரியை எஞ்சினில் ஒட்டவிடாமல் எண்ணெய் தான் சுமக்கிறது என்பதற்கு அது அடையாளம். மலாய் மொழியில் எஞ்சின் எண்ணெய்க்கே மிஞ்ஞாக் ஈத்தாம், அதாவது கறுப்பு எண்ணெய் என்றுதானே பெயர்!

நம் ரப்பருக்கு அங்கே இடமில்லை

டப்பா பில்டரின் வாயில் ஒரு கறுப்பு வளையம் இருக்கும். எண்ணெய் வெளியேறாமல் தடுப்பது அந்த வளையந்தான். ரப்பர் தோட்டத்து மக்களாகிய நாம் அதையும் நம் மரத்துப் பாலில் செய்தது என்றே நினைப்போம். உண்மை வேறு. இயற்கை ரப்பர் எண்ணெயில் நனைந்தால் ஊறி உப்பிவிடும், பலம் போய்விடும். ஆகவே அந்த வளையத்துக்கு எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பர் வேண்டியிருந்தது. நைட்ரைல் எனப்படும் அந்த ரப்பர் 1930-களில் ஜெர்மனியில் உருவானது.

ஆனால் அதே லோரியின் டயரைப் பாருங்கள். பாரச் சுமையோடு உருளும் டயர் உள்ளே சூடாகும். அந்தச் சூட்டைக் குறைத்து, கிழியாமல் தாங்கும் குணம் இயற்கை ரப்பருக்கு உண்டு. அதனால்தான் லோரி டயர்களில் இயற்கை ரப்பர் மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. பில்டரில் இடமில்லாத நம் பால், அந்த லோரி முழுவதையும் தாங்கி நிற்கிறது. இதில் ஒரு பட்டறைப் பாடமும் உண்டு. வளையம் கிடைக்கவில்லை என்று கைக்குக் கிடைத்த பழைய டியூபை வெட்டிப் போட்டுவிடக் கூடாது. அன்றைக்கு நிற்கும், சில நாளில் உப்பிக் கிழிந்து, நடுவழியில் எண்ணெய் முழுவதையும் கொட்டிவிடும்.

முள் இறங்கினால்

வரலாற்றை அறிந்தோம். இனி அதை நம் லோரியில் வைத்துப் பார்ப்போம். முதலில், அழுத்தம் எங்கிருந்து வருகிறது? பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் பேரிங்குகளின் குறுகிய இடைவெளியில் நுழையத் திணறும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அடைத்தால் நீர் சீறுகிறது. விரலை எடுத்தால் சும்மா வழிகிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி பெருகினால், விரலை எடுத்தது போல அழுத்தம் இறங்கும். டவர் கண்ட படலத்து அழுத்தம் சுழற்சியால் எழுவது; பம்பின் வேலை அந்தப் படலத்துக்கு இடைவிடாமல் எண்ணெய் ஊட்டுவது. ஊட்டம் நின்றால் படலம் கிழியும். இரும்பு இரும்பைத் தொடும். எஞ்சின் சில நிமிடங்களில் பாழாகிவிடும்.

பல டீசல் லோரிகளில், எஞ்சின் சூடாகி ஓடும்போது முள் 40-க்கும் 60 இராத்தலுக்கும் இடையில் நிற்கும். நிமிடத்துக்கு ஒவ்வோர் 1000 சுற்றுக்கும் குறைந்தது 10 இராத்தல் வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. ஆயினும் அந்தந்த எஞ்சினைச் செய்தவரின் புத்தகம் சொல்வதே முடிவானது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் முள் உயர்ந்து நின்று, சூடேறியதும் இறங்குவது இயல்பு. எண்ணெய் சூட்டில் இளகுவதால் அப்படி ஆகிறது.

முள் வழக்கத்துக்கு மாறாக இறங்கினால், எஞ்சினைப் பிரிக்க அவசரப்படக் கூடாது. எளியதிலிருந்து கடினமானதற்குப் போக வேண்டும்.

முதலாவது, சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, அளவுக் கம்பியைப் பார்க்க வேண்டும். மேடேறும்போதும் வளைவில் திரும்பும்போதும் முள் ஆடினால், எண்ணெய் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மலைச்சரிவுத் தோட்டங்களில் ஓட்டுகிறவர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, கம்பியில் ஒட்டிய எண்ணெயை விரலில் தேய்த்து முகர்ந்து பார்க்க வேண்டும். டீசல் வாடை வீசி, எண்ணெய் தண்ணீராக இருந்தால் எரிபொருள் கலந்திருக்கிறது. அப்போது அளவு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யும். "ஊற்றாமலே எண்ணெய் கூடியிருக்கிறது" என்று மகிழ்வதற்கில்லை. அது ஆபத்தின் அறிகுறி. பால் கலந்த தேநீர் போல எண்ணெய் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

மூன்றாவது, முள் சொல்வது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். பல லோரிகளில் எஞ்சினில் உள்ள ஒரு சிறு மின்கருவிதான் முள்ளை நகர்த்துகிறது. கருவி கெட்டால் முள் பொய் சொல்லும். அந்தக் கருவியைக் கழற்றி, அதன் இடத்தில் நேரடி அழுத்தமானியைத் திருகிப் பார்த்தால் ஐயம் தீரும். டவர் 1883-இல் செய்ததும் இதேதான்.

அழுத்தம் மெய்யாகவே குறைவு என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். திடீரென்று இறங்கியிருந்தால், எண்ணெய்த் தொட்டியின் சல்லடை அடைத்திருக்கலாம். அல்லது மிகையான அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வில் ஒரு துகள் சிக்கி அது மூடாமல் இருக்கலாம். மாதக் கணக்கில் சிறுகச் சிறுக இறங்கி, சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிகவும் தாழ்ந்தால், பேரிங்கோ பம்போ தேய்ந்திருக்க வேண்டும். கெட்டியான எண்ணெயை ஊற்றி முள்ளை ஏற்றிக் காட்டுவது நோயாளியின் காய்ச்சலை மறைத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

பில்டர் ஒழுகினால்

பில்டர் பக்கம் ஈரம் கண்டதும் பில்டர்தான் குற்றவாளி என்று முடிவுகட்டக் கூடாது. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். லோரி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே அந்த இடத்தை நன்றாகத் துடைத்து உலரவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, முதலில் ஈரம் எங்கே தோன்றுகிறது என்று மேலிருந்து பார்த்து வர வேண்டும்.

புதுப் பில்டர் போட்ட உடனே எண்ணெய் பீய்ச்சினால், பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும். அதன்மேல் புது வளையம் அமர்ந்தால் இரண்டும் நழுவும். சில நிமிடங்களில் எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடும். பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் வாயில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை. அது ஓர் எஞ்சினின் விலையை மிச்சப்படுத்தும். எஞ்சினில் பில்டர் அமரும் இடத்தைத் துடைத்து, புது வளையத்தில் சுத்தமான எண்ணெய் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு பில்டரில் எழுதியிருக்கும் அளவு மட்டும் இறுக்க வேண்டும். பெரும்பாலும் அது முக்கால் சுற்றாகத்தான் இருக்கும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வளையம் நசுங்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் வேறு பில்டரும் ஆகாது. மரை சற்று மாறினாலும் அது பிடிக்காது.

எல்லாம் சரியாகச் செய்தும் மறுபடி மறுபடி அதே இடத்தில் ஒழுகினால், அல்லது பில்டர் டப்பா உப்பியிருந்தால், அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். நாம் முன்பு சொன்ன மிகையழுத்த வால்வு திறக்காமல் சிக்கிக்கொண்டால், காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அழுத்தம் அளவு கடந்து ஏறும். அப்போது பில்டரின் வளையம், டவரின் மரத்தக்கை போல வெளியே தள்ளப்படும். பில்டரைக் குறை சொல்லிப் பத்துப் பில்டர் மாற்றினாலும் பயனில்லை. மருந்து வால்வில் இருக்கிறது.

உயிரும் பிழைப்பும்

வண்டி ஓடும்போது சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால், "பட்டறை வரை போய்விடலாம்" என்று நினைக்கவே கூடாது. அழுத்தம் பெரும்பாலும் 10 இராத்தலுக்கும் கீழே போன பிறகுதான் அந்த விளக்கு எரியும். அது கடைசி எச்சரிக்கை. பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். சூடான புகைக் குழாயில் எண்ணெய் பட்டால் தீப்பற்றும். சூடான பில்டரைக் கழற்றினால் கை வெந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி லோரியின் அடியில் படுக்கக் கூடாது. அதனால் உயிரிழந்தவர்கள் உண்டு. பழைய எஞ்சின் எண்ணெய் தோலுக்கு நல்லதன்று. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். அதைச் சாக்கடையிலோ ஆற்றிலோ ஊற்றுவதும் தவறு. மலேசியச் சட்டத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. மூடிய தகரத்தில் சேர்த்து, உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

இன்னொரு செய்தி, ஓட்டுநரின் குடும்பத்துக்கும் உரியது. எஞ்சின் கெட்டால் பழி பெரும்பாலும் ஓட்டுநர் தலையில்தான் விழும். "நீதானே ஓட்டினாய்?" என்பார்கள். தவணைக்கு வாங்கிய சொந்த லோரியானால், வண்டி நின்றாலும் தவணை நிற்காது. இதற்கு ஒரு சிறு காவல் உண்டு. இருபது காசு நோட்டுப் புத்தகமே போதும் என்று அந்நாளில் சொல்வார்கள். நாள், எண்ணெயின் அளவு, ஊற்றியது எவ்வளவு, சூடான எஞ்சினில் முள் நின்ற இடம், எங்கேனும் கசிவு ஆகிய இவற்றைத் தினமும் ஒரு வரியில் எழுதி வைக்க வேண்டும். எழுதப் பழகாதவராக இருந்தால், பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதலாம். பிள்ளைக்கும் அது பாடமாகும். மாதம் இருமுறை ஊற்றிய எண்ணெயை வாரம் இருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அந்த நோட்டு காட்டிவிடும். முதலாளியிடமோ பட்டறையிலோ பேசும்போது, வெறும் வாய்ச்சொல்லைவிட அந்த வரிகளுக்கு மதிப்பு அதிகம். "இன்ன தேதியிலிருந்து முள் இறங்குகிறது, இன்ன தேதியில் சொன்னோம்" என்று எடுத்துக் காட்டலாம்.

நேயர்களே, வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் மட்டும் அல்ல. ஒரு பொறியாளர் துளையில் பொங்கிய எண்ணெயை அளந்து எழுதிவைத்தார். அந்தக் குறிப்பிலிருந்து உலகத்து எஞ்சின்களெல்லாம் பயன்பெற்றன. நம் லோரியின் அடியில் விழும் சொட்டும் அதைப் போன்ற ஒரு செய்திதான். அதை மண்ணால் மூடாமல், எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று கேட்போம். பெரிய படிப்பு இதற்கு வேண்டியதில்லை. ஒரு துணியும், அளவுக் கம்பியும், ஒரு நோட்டும், நாள்தோறும் ஐந்து நிமிடமும் இருந்தால் போதும். வெள்ளம் வருமுன் அணை போடுவது நம் கையில்தான் இருக்கிறது.